சியெனாவின் குன்றுகளில் நான்கு நாள் சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சியெனா நகருக்குத் தெற்கே இருக்கும் குன்றுப் பகுதியைத்தான். தஸ்கனி மாநிலத்தில் அதற்கு வடக்கே உள்ள கியாந்தி இன்னும் பேர்போனது. ஆனால் அங்கே பாதி நேரம் காட்டு வளைவுகளுக்குள்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். தெற்கே வந்தால் கிரேதே செனேசி என்னும் சாம்பல்நிறக் களிமண் மேடுகள். அவற்றைத் தாண்டினால் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. மரம் குறைவு, வெளி அதிகம். போகவேண்டிய ஊர் இன்னும் எவ்வளவு தூரம், இடையில் எத்தனை மேடு என்பதெல்லாம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். இங்கே ஊர்கள் குன்றின் தலையில் இருக்கின்றன. பெரிய சாலைகள் பள்ளத்தில் ஓடுகின்றன. ரோமானியர் காலத்துத் தடத்தை ஒட்டிப் போகும் காஸியா நெடுஞ்சாலையில்தான் லாரியும் அவசரக் கார்களும். ஆளரவமற்ற சாலைகள் மேட்டின் முதுகில் ஏறி இறங்கிப் போகின்றவை. வரைபடத்தில் தட்டையாகவும் குறுக்காகவும் தெரியும் வழி பெரும்பாலும் இரைச்சலான வழியாகவே இருக்கும். அமைதிக்கு இங்கே விலை ஏற்றம்தான். அதைக் கொடுக்கத் தயாராகப் போனால் ஏமாற்றம் இல்லை.

ஆகவே கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். சமவெளியில் ஒரு நாளில் 80 கிலோமீட்டர் சர்வசாதாரணமாக ஓட்டுகிறவருக்குக்கூட, சுமையோடு இங்கே 40 கிலோமீட்டர் என்பது முழு நாள் வேலை. 10 கிலோமீட்டருக்குள் 200 மீட்டர் உயரம் ஏறுவது இங்கே அன்றாடம். ஒரு நாளைக்கு 700, 800 மீட்டர் ஏற்றம் என்று வரம்பு கட்டிக்கொண்டு, அதற்குள் எத்தனை கிலோமீட்டர் வருகிறதோ அவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் சைக்கிள் வரைபடச் செயலிகள் எல்லாமே ஏற்றத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

எப்போது போவது

படங்களில் பார்க்கும் பச்சைப் பட்டுக் குன்றுகள் ஏப்ரல், மே மாதத்துக்கு உரியவை. ஜூன் கடைசியில் கோதுமை முற்றி எல்லாம் பொன்னாகிவிடும். செப்டம்பரில் உழுது போட்ட மண்கட்டிகள்தான் மிஞ்சும். பச்சையை எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த மொட்டை மண்ணே பிடிக்கும், நிழல்கள் அதில்தான் நன்றாக விழுகின்றன. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று தோன்றும். ஆனால் நிழலே இல்லாத மேட்டில், மதியம் 2 மணிக்கு, கடைகளெல்லாம் சாத்தியிருக்கும் வேளையில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை கியாந்தியின் கையோலே ஊரில் எரோயிகா என்னும் பழைய சைக்கிள்களின் விழா நடக்கும். அந்த வாரம் அந்தப் பக்கம் அறை கிடைப்பது கடினம். இலையுதிர் காலம் வேட்டைக் காலமும்கூட. காட்டோரத் தடங்களில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் சைக்கிள் விபத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று சின்ன எழுத்துகளையும் படித்துவிடுங்கள்.

சைக்கிள்

சொந்த சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருவது முதல் பயணத்துக்குத் தேவையற்ற தலைவலி. சியெனாவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். முன்பதிவு செய்யும்போது உங்கள் உயரத்தைச் சொல்லி, மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது கியர். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல் இருக்கிறதோ, பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் அதற்குக் குறையாமல் பல் இருக்க வேண்டும். 34க்கு 34 என்பது குறைந்தபட்சம். பந்தய சைக்கிளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 12 சதவீதச் சரிவில் பக்கப்பையோடு அதை மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டாவது டயர். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் தாரிலும் சரளையிலும் கவலை இல்லை.

மூன்றாவதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நம் ஊர் சைக்கிளில் வலதுகைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலும் இடதுகைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. கடை வாசலிலேயே ஒவ்வொரு கையாகப் பிடித்துத் தள்ளிப் பார்த்து எது எது என்று மனத்தில் பதிய வையுங்கள். சரளை இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடதுகையை இறுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

மின்சைக்கிள் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சமமில்லாத வேகத்தில் சேர்ந்து ஓட்டும் இருவருக்கும் அதுவே சரி. சார்ஜரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்ப், முன் பின் விளக்குகள், மணி, இரவில் ஒளிரும் மேலங்கி இவை கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், சுரங்கப்பாதைக்குள்ளும் அந்த மேலங்கி இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். தலைக்கவசம் பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

வலதுபக்கம், பலகை நிறம்

இத்தாலியில் வண்டிகள் வலதுபக்கம் போகின்றன. நகர நெரிசலில் இது உங்களுக்கு மறக்கவே மறக்காது, சுற்றியுள்ள கார்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஆபத்து வெறிச்சோடிய சாலையில்தான்: படம் எடுக்க நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போதும், காலையில் பண்ணை வாசலிலிருந்து திரும்பும்போதும் கால் தானாக இடதுபக்கம் போய்விடும். ஹேண்டில்பாரின் வலது முனையில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை.

பச்சைப் பலகை என்றால் சுங்கச்சாவடி நெடுஞ்சாலை. அந்தப் பக்கமே போகக் கூடாது. சியெனாவிலிருந்து பிளாரன்சுக்கும் பெத்தொல்லேவுக்கும் போகும் நான்குவழிச் சாலைகளில் பலகை நீலமாக இருந்தாலும் சைக்கிளுக்குத் தடை. சாலை எண்ணுக்கு முன்னால் எஸ்.பி. என்றிருந்தால் அது மாகாணச் சாலை. நமக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும்.

முதல் நாள்: சியெனாவிலிருந்து ஆஷானோ

பிளாரன்சிலிருந்து சியெனாவுக்குப் பிராந்திய ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இவ்வகை ரயில்களில் சைக்கிள் படம் போட்ட பெட்டி இருக்கும், சைக்கிளுக்கென்று 3.50 யூரோ அளவில் தனி டிக்கெட். காகித டிக்கெட்டை நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்த பிறகே ஏற வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அதிவேக ரயில்களில் சைக்கிளை மடித்தோ பிரித்தோ பைக்குள் வைத்தால்தான் விடுவார்கள். தண்டவாள வேலை நடந்து ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் அதில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சியெனாவை விட்டு வெளியேறும் முதல் சில கிலோமீட்டர்கள் நகர நெரிசல். அதில் வீரம் காட்டாமல் கியூசி போகும் ரயிலில் ஏறி ஆர்பியாவில் இறங்கிக்கொள்வது நல்லது. அங்கிருந்து எஸ்.பி. 438, லவுரெத்தானா சாலை. ஆஷானோ வரை 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், முழுக்கத் தார்.

முதன்முறை வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சாலை மேட்டின் முதுகெலும்பின் மேலேயே போகிறது. இரண்டு பக்கமும் சரிவு. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த களிமண், மழையில் அரித்து அரித்து, சில இடங்களில் மொட்டைத் தலைகளாகவும் சில இடங்களில் கத்தியால் கீறிய ஓடைகளாகவும் நிற்கிறது. வெண்மையாகப் பூத்திருப்பது உப்பு. ஏற்றங்கள் நீளமானவை அல்ல; ஆனால் வந்துகொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து இறங்கிய வேகத்தில் அடுத்ததில் பாதி ஏறிவிடலாம் என்று நினைப்பீர்கள், கால்வாசிதான் நடக்கும். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள். பாதியில் அழுத்தி மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

வழியில் குடிதண்ணீர் அநேகமாகக் கிடையாது. ஆர்பியாவிலேயே இரண்டு பாட்டிலை நிரப்புங்கள். பொதுவாக இந்தப் பகுதி முழுவதற்கும் ஒரு யோசனை: தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊரோரக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். உயரமான சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் மதில் தெரிந்தால் அதுதான். பூச்செடிகளுக்கு ஊற்ற உள்ளே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருப்பார்கள்.

ஆஷானோவில் ரயில் நிலையம் உண்டு. முதல் நாளே கால் ஒத்துழைக்கவில்லை என்றால் கௌரவமாகத் திரும்பிவிடவும் வழி இருக்கிறது.

இரண்டாம் நாள்: மடம் வழியாக சான் குயிரிகோ

ஆஷானோவை விட்டதுமே எஸ்.பி. 451 மேலே ஏறத் தொடங்கிவிடும். கியூசூரே என்னும் சிற்றூர் வரை பொறுமையாக மிதியுங்கள். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில், காட்டுக்குள் இறங்கும் பாதையின் முடிவில், செங்கல்லால் கட்டிய மொந்தே ஒலிவெத்தோ மஜ்ஜோரே மடம். பெர்னார்தோ தொலொமேய் என்ற துறவி 1313இல் ஒதுங்கி வந்து தொடங்கிய இடம். உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் புனித பெனடிக்டின் வாழ்க்கையை லூக்கா சின்யொரெல்லியும், அவருக்குப் பின் சோதோமாவும் வரைந்திருக்கிறார்கள். மதியத்தில் மடத்தைச் சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள். முட்டிக்கு மேல் ஏறிய சைக்கிள் கால்சட்டையோடு உள்ளே போவது மரியாதையல்ல. பையில் மெல்லிய முழுக்கால்சட்டை ஒன்று இருக்கட்டும்.

அங்கிருந்து சான் ஜொவான்னி தாஸ்ஸோ வழியாகத் தொரெனியேரி. அதன்பின் சான் குயிரிகோ தோர்ச்சா வரை பழைய காஸியா. புதிய நெடுஞ்சாலை பக்கத்தில் போய்விட்டதால் இந்தப் பழைய துண்டில் வண்டி நடமாட்டம் குறைவு. முதுகுப்பையோடு ரோமுக்கு நடக்கும் யாத்திரிகர்கள்தான் எதிர்ப்படுவார்கள். மொத்தம் 40 கிலோமீட்டருக்குள் அடங்கும். சான் குயிரிகோவில் இரண்டு இரவு தங்குங்கள். அடுத்த நாள் சுமை இல்லாமல் ஓட்டலாம்.

தங்குவதற்குப் பண்ணைவீடுகள் அழகானவைதாம். பதிவு செய்யும் முன் அவை சாலையிலிருந்து எவ்வளவு உள்ளே, எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். களைத்து வந்த மாலையில் வாசலுக்கு முன் 2 கிலோமீட்டர் சரளை ஏற்றம், இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி கீழே இறங்கி மேலே ஏற வேண்டும் என்றால் யாருக்கும் கோபம் வரும். சைக்கிள் பயணிக்கு ஊருக்குள் இருக்கும் சாதாரண அறையே மேல். பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்வார்கள். தங்கும் வரி தனியாக, பல இடங்களில் ரொக்கமாக.

மூன்றாம் நாள்: வெள்ளைச் சாலைகள்

இன்றுதான் சரளைச் சாலைகளில் கால் வைக்கிறோம். ஸ்ட்ராதே பியாங்கே, வெள்ளைச் சாலைகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். சுண்ணாம்புக் கல் நொறுக்கிப் போட்டவை. இவற்றுக்குத் தார் பூசிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் ஜன்கார்லோ புரொச்சி 1997இல் எரோயிகாவைத் தொடங்கினார். இன்று 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நிரந்தர வழித்தடமாக அதற்குப் பலகை நட்டிருக்கிறார்கள். முழுவதையும் ஓட்டுவது புதியவர்களின் வேலை அல்ல. ஆனால் அந்தப் பலகையைக் கண்டால் நல்ல சாலைக்கு வந்துவிட்டோம் என்று நம்பலாம்.

ஏறும்போது சீட்டை விட்டு எழாதீர்கள். எடை முன்னால் போனால் பின்சக்கரம் வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடியே, சின்ன கியரில், சீராக. இறங்கும்போது கார் டயர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய தடத்தில் போங்கள்; ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சரளைதான் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் விடுங்கள். உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, இரண்டு விரலால் மட்டும் பிரேக்கைப் பிடியுங்கள். நெளிநெளியான மேடுபள்ளம் வந்தால் பல் கிடுகிடுக்கும்; இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். மழை பெய்திருந்தால் சரளை போட்ட சாலைகள் தாங்கும், வயல்வழி மண்தடங்கள் தாங்காது. அந்தக் களிமண் வெல்லப்பாகு போல டயரில் சுற்றிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அன்றைக்குத் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழி இதுதான்: சான் குயிரிகோவிலிருந்து பியென்சா பக்கம் போய், விதலேத்தா சிற்றாலயத்தை ஒட்டிய வெள்ளைச் சாலையில் நுழைந்து பியென்சாவுக்கு ஏறுங்கள். 1405இல் கொர்சின்யானோ என்ற இந்தக் குக்கிராமத்தில் பிறந்தவர் பின்னால் இரண்டாம் பியூஸ் என்ற போப்பாண்டவரானார். 1459 முதல் சில ஆண்டுகளுக்குள் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லினோ என்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தன் சொந்த ஊரை நகரமாக மாற்றிக் கட்டி, தன் பெயரையே வைத்தார். பேராலயத்தின் பின்பகுதி களிமண் சரிவில் நிற்பதால் கட்டிய காலத்திலிருந்தே தாழ்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே தரை சாய்ந்திருப்பதைக் காலே சொல்லிவிடும். தெருவெல்லாம் பெக்கொரீனோ என்னும் ஆட்டுப்பால் சீஸின் வாசனை.

அடுத்து மொந்திக்கியெல்லோ. 1967இலிருந்து ஊர்க்காரர்களே தங்கள் வாழ்க்கையை நாடகமாக எழுதிக் கோடையில் சதுக்கத்தில் நடிக்கிறார்கள். பிறகு ஓர்ச்சா ஆற்றுப்பக்கம் இறங்கி, ஸ்பெதலெத்தோ கோட்டைப் பண்ணையைக் கடந்து பான்யோ வின்யோனி. அந்த ஊரில் நடுச்சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் இருக்கிறது. அதில் இறங்கக் கூடாது. ஊருக்குக் கீழே, பழைய மாவு ஆலைகள் இருந்த சரிவில் ஓடும் வாய்க்காலில் கால் நனைக்கலாம். அங்கிருந்து சான் குயிரிகோவுக்குக் காஸியா வழியே போகாமல், வின்யோனி ஆல்த்தோ வழியாக வெள்ளைச் சாலையில் ஏறுங்கள். செங்குத்துதான். தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர்.

ஆட்டு மந்தை தெரிந்தால் வெள்ளைநிறப் பெரிய நாய்களும் இருக்கும். மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். மந்தையைத் தாண்டியதும் அவையும் விட்டுவிடும். அவசர உதவிக்கு எண் 112.

சாப்பாடு

மதியச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30க்குப் பிறகு. இடையில் சமையலறை மூடியிருக்கும், மளிகைக் கடையும் மூடியிருக்கும். காலையிலேயே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். வியர்த்துக் கொட்டிய பிறகு அது சப்பென்றிருக்கும், அதனால் ஆலிவ் ஊறுகாயோ பெக்கொரீனோவோ கூட வேண்டும். சைவர்கள் பீச்சி அல்லியோனே கேளுங்கள்: கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, பெரிய பூண்டும் தக்காளியும் போட்ட குழம்பு. ரிபொல்லீத்தா என்ற ரொட்டி, அவரை, கீரைக் கூழும் வயிற்றை நிரப்பும். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ரொட்டித் துண்டின் மேல் தடவித் தரும் பழுப்பு விழுது பெரும்பாலும் கோழி ஈரல். 'சென்ட்ஸா கார்னே', இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று 'கொப்பெர்த்தோ' போடுவது ஏமாற்று அல்ல, அது வழக்கம்.

நான்காம் நாள்: மொந்தால்சினோ, பிறகு ரயில்

தொரெனியேரிக்குத் திரும்பி, அங்கிருந்து மொந்தால்சினோ ஏற்றம். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தை 10 கிலோமீட்டருக்குள் ஏறுகிறோம். முந்தைய நாளின் குத்துச் சரிவுகளுக்குப் பிறகு இது சீரான, நியாயமான ஏற்றம். 564 மீட்டர் உயரத்தில் ஊர். சியெனா 1555இல் வீழ்ந்த பிறகும் அதன் குடியரசு இந்தக் கோட்டைக்குள் ஒதுங்கி 1559 வரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இங்கே விளையும் புருனெல்லோ ஒயின், அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் சந்தைக்கு வரும். சுவைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளானாலும் குற்றம்தான், அடுத்து வருவது நீண்ட இறக்கம்.

புவோன்கொன்வெந்தோவுக்குப் பதினான்கு கிலோமீட்டர் அளவில் இறங்க வேண்டும். கடைசித் துண்டு தவிர்க்க முடியாமல் காஸியாவில் சேரும். விளக்கைப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக, ஓர வெள்ளைக் கோட்டின் மேல் போங்கள். மதிலுக்குள் ஒடுங்கிய சிறிய ஊர் இது. தெற்கு நோக்கிப் படையோடு போன புனித ரோமப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313இல் இங்கேதான் இறந்தார். இங்கிருந்து சியெனாவுக்கு ரயில் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஆகவே நான்காம் நாள் வேலைநாளாக வரும்படி பயணத்தைத் தொடங்குங்கள். மொந்தால்சினோவில் காப்பி குடிக்கும்போதே ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். வாடகைக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், சியெனா நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. பழைய நகரம் மேலே.